கரண்ட் இறங்கும் நேரத்துச் சுருதி

அன்பு மாப்ளே அன்வர்,

நீ இருக்கும் இடத்தில் கரண்ட் எப்படி? இங்கே பென்னாகரத்தில் பழைய கதைதான். பொழுது சாய்ந்தால் போதும், சுற்றுவட்டாரத்துக் கிணற்று மோட்டார் எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பித்துவிடும். என் மைக் செட் கடை பல்பு பழுத்துப்போய் ஒரு மாதிரி எரியும்.

சந்தோஷச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் பாட்டை வாசித்துவிட்டேன்டா! தேவராஜ் கல்யாணத்தில், அத்தனை பேர் நடுவில், உன் கிதாரில், நானே வாசித்தேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது எனக்குத் தெரிகிறது. நன்றாகச் சிரி. இத்தனை வருஷம் உங்களுக்கு ஒயர் இழுத்து, ஸ்பீக்கர் சுமந்து, "ஹலோ மைக் டெஸ்டிங்" சொன்னவன்தானே நான்.

நீ பெங்களூருக்குச் சட்டைத் துணி எடுக்கப் போய்க் கிதாரோடு வந்து இறங்கிய நாள் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கண்டோன்மென்ட் பக்கம் ஏதோ ஓட்டலில் முடி வளர்த்த பையன்கள் ராக் வாசித்தார்களாம். அதைக் கேட்ட பிறகு உனக்குத் துணி எங்கே ஞாபகம் இருக்கும்?

"மச்சான், எருமை தொண்டைக்குள்ளாற உறுமற மாதிரி இருந்துதுடா. நெஞ்செலும்பே ஆடிப்போச்சு" என்றாய். உன் தையல் கடைக்கும் என் கடைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அன்றிலிருந்து அந்தப் பக்கம் மெஷின் சத்தம் பாதி, கிதார் சத்தம் பாதி.

கல்யாண வீடுகளில் தேவராஜ் அவன் கிதாரில் சினிமா மெட்டு வாசிப்பான். நீ அவனுக்குக் கீழே ரிதம் பிடிப்பாய். கடைசியில் சனம் பந்திக்கு எழுந்த நேரம் பார்த்து, நீயாகக் கட்டிய அந்த வார்த்தையில்லாத ராக் பாட்டை அவிழ்த்துவிடுவாய். முடிந்ததும் உனக்கே திருப்தி இருக்காது. "ஈ பறக்கற மாதிரி இருக்குதுடா, உறுமல் வரலியே" என்று சலித்துக்கொள்வாய். ஒரு நாள் காலையில் கடைக்கு வந்து, என் டேப் ரெக்கார்டரில் அதைப் பிடித்து வைக்கச் சொன்னாய். பிடித்து வைத்தேன். அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. என்னடா அவசரம் உனக்கு?

அதன் பிறகு நாங்கள் எங்கேயும் வாசிக்கப் போகவில்லை. ரிதம் இல்லாமல் வாசித்தால் வேட்டி இல்லாமல் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று தேவராஜ் சொல்லிவிட்டான். போன தை மாதம் அவனே கடைக்கு வந்து உட்கார்ந்தான். அவனுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. கையோடு பெங்களூரில் ஃபேக்டரி வேலையும் கிடைத்திருந்தது.

"எங் கல்யாணத்துல பாய் பாட்டு இருக்கோணும் மாதப்பா. அதுக்கப்புறம் நானும் ஊர்ல இருக்க மாட்டேன். வெளியாளுக்கு அது தெரியாது. நீ டேப்பைக் கேட்டுக் கத்துக்க. இல்லன்னா அந்தப் பாட்டு அதோட சரி."

"என் விரலைப் பாத்தியாடா? ஸ்பீக்கர் கட்டுற கம்பி முறுக்கற விரல்."

"கிதார்லயும் கம்பிதான இருக்குது" என்று எழுந்து போய்விட்டான்.

உன் வூட்டுக்காரி மும்தாஜ்தான் இப்போது உன் மெஷினில் உட்கார்ந்து தைக்கிறது. கிதாரைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தது. கூடவே நீ சட்டைக் காலருக்குள் வைக்கிற விறைப்புப் பட்டையை முக்கோணமாக வெட்டி மீட்டுவாயே, அதில் ஒரு கைப்பிடி. "இது சீக்கிரம் தேஞ்சு போவுதுங்ணா, பத்தலன்னா கேளுங்க" என்றது. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேகமாக வந்துவிட்டேன். இன்னும் நின்றிருந்தால் அழுதிருப்பேன்.

பகலெல்லாம் காதுகுத்து, வளைகாப்பு என்று செட் கட்டப் போய்விடுவேன். சாயங்காலம் கடைக்குத் திரும்பி டேப்பைப் போடுவேன். முதலில் உன் குரல் வரும்: "மச்சான், ஓடுதா? சரி, கேளு." அப்புறம் பாட்டு. முதல் நாள் உன் கிதார் அந்த டேப்போடு சேரவேயில்லை. சும்மா கிடந்து கம்பி இறுகிவிட்டது போல என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து, சாவிகளைத் திருகித் தளர்த்திச் சேர்த்துக்கொண்டேன். என்ன ஒரு மூளை பார்.

விரல் நுனியெல்லாம் எரிந்தது மாப்ளே. சோறு பிசைய முடியவில்லை. "அந்த விரலை வச்சுக்கிட்டு ரசஞ்சோறு தின்னா எரியத்தான் செய்யும், ஸ்பூன் வேணுமா தொரைக்கு?" என்று என் பெண்டாட்டி கிண்டல் செய்தாள். தடித்த கம்பி இரண்டை ஒன்றாக அமுக்குவதே பெரும்பாடு. ஒன்றை அமுக்கினால் இன்னொன்று கனைக்கும். வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பி மேல் வைத்துச் சத்தத்தை அடக்கி அடக்கி அடிப்பாயே, அதுதான் பிடிபடவே இல்லை. அழுத்தினால் ஊமை, விட்டால் ஊளை.

அப்புறம்தான் நீ தேவராஜிடம் சொன்னது ஞாபகம் வந்தது. "ஊசி எப்பிடிறா குத்தும்? கீழதான குத்தும்? கையும் கீழ மட்டும் போவட்டும்." காலால் மெஷின் மிதிக்கிற மாதிரி மிதித்துக்கொண்டே கீழே கீழே என்று அடித்துப் பார்த்தேன். வந்துவிட்டது! கடையில் யாருமில்லை, நானே எழுந்து எனக்குக் கைதட்டிக்கொண்டேன். பலகைக்கு அந்தப் பக்கம் மும்தாஜ் சிரித்தது கேட்டது.

பாட்டு முழுதாகக் கைக்கு வந்தபோது கல்யாணத்துக்குப் பத்து நாள்கூட இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேவராஜ் அவன் வீட்டு ஹார்மோனியத்தில் சுருதி சேர்த்த கிதாரோடு ஒத்திகைக்கு வந்தான். ஆளுக்கொரு பக்கம் ஆரம்பித்தோம். ஐயோ, அந்தக் கண்றாவியை நீ கேட்டிருக்க வேண்டும். அவன் ஒரு ஊரில் இருக்கிறான், நான் வேறு ஊரில்.

"சாக்கப்பா, சாக்கு!" என்று கத்தினான். கோபம் வந்தால் அவனுக்குக் கன்னடம்தானே வரும், போதும் என்கிறான். "உன் சுருதி பாதாளத்துல கெடக்குது. காதா அது, இல்ல கொட்டாங்குச்சியா?"

"எங் காதுக்கு என்ன? உன் ஹார்மோனியம் ஈரத்துல ஊறிப்போச்சு. நான் பாய் டேப்போட சேத்து வச்சிருக்கிறேன், டேப் பொய் சொல்லுமா?" என்று நானும் எகிறினேன். சாட்சிக்கு டேப்பை ஓடவிட்டேன்.

மத்தியானத்தில் நான் அதைப் போட்டதே இல்லை மாப்ளே. மோட்டார் ஏதும் ஓடாத நேரம், கரண்ட் நிறைய இருந்தது. "மச்சான், ஓடுதா?" என்று ஒரு மெல்லிய குரல் துள்ளிக்கொண்டு வந்தது. பாட்டு விறுவிறுவென்று மேல் சுருதியில் பறந்தது. என் கிதார் அதன் காலடியில்கூட இல்லை. நான் வாயைப் பிளந்தபடி நின்றேன்.

மெஷின் சத்தம் நின்றது. மும்தாஜ் கடை வாசலில் வந்து நின்றது. "இப்பத்தாங்ணா அவரு குரல் மாதிரி இருக்குது" என்றது.

தேவராஜ் என்னைப் பார்த்தான், பல்பைப் பார்த்தான், விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டான். "அட லூசு! சாயங்காலக் கரண்ட்ல டேப் இழுத்து இழுத்து ஓடியிருக்குதுடா. நீ அதோட சேந்து எறங்கியிருக்கிற!"

சாயங்காலம் ரெக்கார்டு இழுக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். கோயில் திருவிழாவில் அதற்காகவே பேட்டரியைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன். எனக்கு எப்படி உறைக்காமல் போனது? சொன்னால் நம்புவாயா? உன் குரல் கட்டையாகக் கேட்டதும், போனவன் குரல் இப்படித்தான் கனத்துக் கேட்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"உனக்குத் தெரிஞ்சிருந்தா முன்னமே சொல்லியிருக்கலாமில்ல தங்கச்சி?" என்று கேட்டேன்.

மும்தாஜ் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டது. "சாயங்காலத்துல கேக்கறப்போ எங்க மாமனாரு பேசற மாதிரியே இருக்கும்ங்ணா. இவரு வயசானா அவங்க அத்தா மாதிரிதான பேசியிருப்பாரு? வயசான காலத்துல பக்கத்துக் கடையில உக்காந்து உங்ககிட்ட பேசிட்டிருக்கிறாருன்னு நெனச்சுக்குவேன். அத எதுக்குக் கெடுக்கறதுன்னு சொல்லல."

தேவராஜின் சிரிப்பு நின்றுவிட்டது. நான் மூக்கைச் சிந்திக்கொண்டு டேப்பைச் சுற்றுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

மேல் சுருதிக்கு ஏற்றிப் பார்த்தேன். அந்த வேகத்துக்கு என் கை வரவில்லை, தடுக்கித் தடுக்கி விழுந்தது. இனி நாள் எங்கே இருக்கிறது? பாட்டு போச்சு என்றே நினைத்தேன். தேவராஜ்தான் தாடையைச் சொறிந்துகொண்டே, "நீ ஏற வேண்டாம், நான் எறங்கறேன்" என்றான். அவன் கிதாரையும் என் அளவுக்குத் தளர்த்தினான். இரண்டையும் என் ஆம்ப்ளிஃபயரில் சொருகி, குழாய் ஸ்பீக்கரில் கொடுத்து மெதுவாக ஆரம்பித்தோம்.

அன்வர், கடைப் பலகை அதிர்ந்தது. தளர்ந்த கம்பிகள் அடித்தொண்டையில் முனகி, அப்படியே எழுந்து வந்தன. நெஞ்செலும்பு ஆடியது என்றாயே, எனக்கும் ஆடியது. "இதுதான்டா! பாய் சொன்ன எருமை இதுதான்டா!" என்று தேவராஜ் கத்தினான். நீ கம்பியை இறுக்கி இறுக்கித் தேடிக்கொண்டிருந்தாய். அது கீழே படுத்துக் கிடந்திருக்கிறது.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையே மாலையைக் கழற்றி வைத்துவிட்டு மேடைக்கு வந்தான். டிரம்ஸுக்குச் சேலத்து ஆள். நான் உன் மெஷினை நினைத்து மிதித்துக்கொண்டே அடித்தேன். நடுவில் ஒரு இடத்தில் தப்பு விட்டேன், தேவராஜ் சமாளித்துவிட்டான். பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டு எட்டிப் பார்த்தார்கள். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் மேடையோரம் வந்து, "ஏந் தம்பி, ஜெனரேட்டர் ஏதாச்சும் ஓடுதுங்களா?" என்று விசாரித்தார். "இல்லீங்க, பாட்டுங்க" என்றேன். "நல்லாத்தான் இருக்குது, ஓட்டுங்க" என்று போய்விட்டார். பெண்கள் பக்கம் மும்தாஜ் உட்கார்ந்திருந்தது. அதன் கால் மெஷின் மிதிக்கிற மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்த பிறகு நான் தப்பே விடவில்லை.

இப்போது தேவராஜ் பெங்களூரில். மாதம் ஒருமுறை வருகிறான், வந்தால் வாசிக்கிறோம். பெல்பாட்டம் அகலம் இன்னும் கூடிவிட்டது, ஒரு காலுக்கு ஆகிற துணியில் பாவாடையே தைக்கலாம் என்று உன் வூட்டுக்காரி திட்டிக்கொண்டே தைக்கிறது. என் விரல் நுனிகள் காய்த்துவிட்டன, ரசம் எரிவதில்லை. இன்னொரு பாட்டும் பாதி கட்டியிருக்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் உறுமுகிறது.

சாயங்காலம் மட்டும் தவறாமல் உன் டேப்பைப் போடுகிறேன். பேட்டரியில் போடுவதில்லை. பாட்டு முடிந்ததும் கடைசியில் நீ "எப்பிடி? உறுமுச்சா மச்சான்?" என்று கேட்பாய், அதோடு டேப் தீர்ந்துவிடும். அன்றைக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை. இப்போது பலகைக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி தினமும் சொல்கிறேன், "உறுமுச்சுடா" என்று.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். டேப்பில் கேட்கிற அந்தக் கிழட்டுக் குரல் எனக்கும் ஒரு நாள் வரும். அது வருகிறவரைக்கும் உன் கிதாரைச் சும்மா கிடக்க விடமாட்டேன். அப்புறம் நீ கேட்பதும் நான் சொல்வதும் ஒரே சுருதியில் இருக்கும்.

தங்கச்சி வாய் நிறைய அண்ணா என்று கூப்பிடுவதால்,
என்றைக்கும் உனக்கு மச்சானாகிய
மாதப்பன்