உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள்

பக்கத்து வீட்டுக்காரர் இன்று மேல்மாடிக்குக் கொங்கிரீட் தட்டுப் போட்டார். ஈரச் சீமெந்தின் வாசம் காலையிலேயே ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். கல்யாணமான நாள் முதல் உங்கள் சட்டையிலும் தலைமயிரிலும் இருந்த அதே வாசம். மனம் உங்களைத் தேடியது. இதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பின்னேரம் வேலை முடிந்ததும் வழக்கம்போலப் போத்தல் வந்தது. தட்டுப் போடும் அன்று வேலையாட்களுக்குப் பகல் சாப்பாடும் கடைசியில் சாராயமும் வீட்டுக்காரர் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் தட்டில் வெடிப்பு விழும் என்று மேசன்மார் பயமுறுத்துவார்கள். ரத்தோட்டையிலேயே பெரிய மேசன் பாஸ் நீங்கள். நீங்களும் அதைச் சொன்னவர்தான். "நாங்க குடிச்சாத்தான் தட்டு நிக்கும் புள்ள" என்பீர்கள். நீங்கள் போட்ட தட்டெல்லாம் நன்றாகத்தான் நிற்கின்றன. உங்களால்தான் நிற்க முடியாமல் போனது.

நீங்கள் அடிக்கிற ஆள் இல்லை, வைகிற ஆளும் இல்லை. ஆனால் வீட்டில் இருக்கவும் மாட்டீர்கள். மகள் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று கோயில் வாசலில் நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். செருப்பு உங்கள் காலில்தான் இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை, தலையில் இருந்த வெள்ளை முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

தவக்காலம் வந்தால் மட்டும் எனக்கு வேறொரு புருஷன் கிடைப்பார். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வருகிறவர், உயிர்த்த ஞாயிறு வரை ஒரு சொட்டுத் தொடமாட்டார். தட்டு வேலையை ஏற்றால் போத்தலைப் பார்க்க வேண்டிவரும் என்று பூச்சு வேலை, ஓடு பதிக்கிற வேலை என்று மட்டும் எடுப்பார். வெளிச்சம் இருக்கும்போதே வந்து தேங்காய் துருவித் தருவார். மகளோடு கரம் போர்டு விளையாடித் தோற்றுப்போவார். ஊரெல்லாம் துக்கம் காக்கிற அந்தக் காலத்தில் நான் பூ வைத்துக்கொண்டு திரிந்தேன். கோயிலில் பெண்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். உயிர்ப்புத் திருப்பலிக்கு மணி அடித்தால் அவர்களுக்குச் சந்தோஷம், நான் பூவைக் கழற்றி வைத்துவிடுவேன்.

அந்த வருடம் பெரிய வெள்ளியன்று, சிலுவைப்பாதை முடிந்து வருகிற வழியில் சொல்லிவிட்டேன். "இந்தத் தடவ ஞாயிறு முடிஞ்சு நீங்க குடிச்சா, நான் மகளக் கூட்டிக்கிட்டு பல்லேபொலயில இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருவேன். சண்ட போடமாட்டேன். போயிருவேன்." வீடு வரைக்கும் ஒரு கல்லை உதைத்துக்கொண்டே வந்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகள் வந்து கூப்பிட்டபோது வயிற்றுவலி என்று போர்த்திக்கொண்டு படுத்தீர்கள். தவக்காலம் முடிந்த கையோடு பொய்யா என்று நான் சிரித்தேன். மறுநாள் காலையில் பூச்சுக் கரண்டியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு தட்டு வேல இருக்கு" என்று புறப்பட்டுவிட்டீர்கள். என் துணியையும் மகளின் துணியையும் எடுத்துப் பையில் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

சூரியன் இறங்குமுன் வந்தீர்கள். கையில் ஒரு பார்சல். "ஊதுங்க" என்றேன். ஊதினீர்கள். நெய்யும் ஏலக்காயும் மணத்தது.

"டவுன்ல ஹாஜியார் வீட்டுத் தட்டு. அங்க போத்தல் வராது, புரியாணிதான் வரும். இனிமே தட்டுன்னா முஸ்லிம் ஆளுங்க வீட்டுலதான் புடிப்பேன்" என்றீர்கள். பிறகு கட்டிலில் இருந்த பையைப் பார்த்தீர்கள். துணிகளை வெளியே எடுத்து, செங்கல் அடுக்குகிற மாதிரி அலுமாரியில் அடுக்கினீர்கள். அன்றைக்கு உங்கள் மேல் வந்த ஆசை கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

போத்தல் கிடைக்காததால் வேலையாட்கள் ஒவ்வொருவராக வேறு பாஸிடம் போய்விட்டார்கள். நீங்கள் மதம் மாறப் போவதாகவும் கதை கிளம்பியது. "மாறுனா பெருநாளைக்கு வட்டிலப்பமாவது கெடைக்கும்" என்று நீங்களும் கேலி செய்தவர்களோடு சேர்ந்து சிரித்தீர்கள். உங்கள் அண்ணன் மகன் கல்யாணத்தில் ஒருமுறை தவறினீர்கள். நான் ஊதச் சொல்லுமுன் நீங்களே வந்து சொல்லிவிட்டு, சாப்பிடாமல் படுத்தீர்கள். நான் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. ஒளிக்காமல் சொல்கிற ஆளை விட்டுவிட்டு எங்கே போவது?

ஆனால் ஈரல் அதற்கு முன்பே கெட்டுப்போயிருந்தது. டாக்டர் சொன்னபோது எனக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. குடித்த காலமெல்லாம் சும்மா இருந்துவிட்டு, விட்ட பிறகா என்று யாரையாவது பிடித்துக் கேட்க வேண்டும் போலிருந்தது. இன்றும் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, உங்கள் அண்ணன் ஒரு சின்னப் பிராந்திப் போத்தலோடு வந்தார். "டாக்டரே கைவிட்டுட்டாரு. இனி என்ன தங்கச்சி, ஆசைக்கு ரெண்டு மொடக்கு குடிக்கட்டும்" என்றார். அவரும் பாசத்தில்தான் சொன்னார். உங்கள் வலியைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. உங்கள் கண் அந்தப் போத்தலில் கொஞ்ச நேரம் நின்றது. ஆசை இருந்தது, நான் பார்த்தேன். பிறகு, "கொண்டு போங்க அண்ணே. இவ புருஷனாவே போயிர்றேன்" என்றீர்கள்.

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் இப்போது எழுந்து நடமாடுகிறேன். போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பலகாரத்தைக் கடித்தபடி, "அப்பா நல்லா குடிப்பாராமே?" என்று கேட்டார். மகள் தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்தாள்.

"குடிச்சாருதான். அம்மாவுக்காக விட்டாரு. ஒங்க மகன் யாருக்காவது எதையாவது விட்டிருக்காரான்னு கேட்டுச் சொல்லுங்க."

சம்பந்தம் என்னவாகும் என்று தெரியவில்லை. அவர்கள் போன பிறகு, இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று, பொழுது சாயும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.