கதவைச் சாத்தாமல் பார்த்த கண்ணாடி

மார்ச் 4, செவ்வாய்

பல் டாக்டர் இன்றும் வந்தாள். அதே சாம்பல் நிறக் கார், அதே பக்கக் கண்ணாடி. பட்டனை அழுத்தினால் திரும்ப மாட்டேன் என்கிறதாம். போன வாரம்தான் இவர் ஃபியூஸ் மாற்றிக் கொடுத்தார். ஹாரன் அடிக்கவில்லை என்று லாரிக்காரர் காலையிலிருந்து எங்கள் ஆட்டோ எலக்ட்ரிகல் ஷெட்டில் காத்துக் கிடக்கிறார். அவரை விட்டுவிட்டு இவர் கையை சோப்புப் போட்டுக் கழுவினார். லாரிக்காக என்றைக்காவது கை கழுவியிருக்கிறாரா?

ஷெட்டுக்கு மேலேயே வீடு இருப்பதில் ஒரு வசதி. திரைச்சீலையை ஓரமாகச் செருகிவைத்தால் ஜன்னலிலிருந்து எல்லாம் தெரியும். அவள் சிரித்தால் பல் அத்தனையும் தெரிகிறது. தொழிலுக்கு நல்ல விளம்பரம்.

மார்ச் 5

'அண்ணா' என்றுதான் கூப்பிடுகிறாள். கூப்பிட்டால் ஆயிற்றா?

மார்ச் 8, சனி

சுவிட்சையே மாற்றியாயிற்றாம். நான் கேட்கவில்லை, சாப்பிடும்போது அவரே சொன்னார். "பழைய சுவிட்சைக் கழட்டிப் பாத்தேன், சுத்தமாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் புதுசு போட்டாச்சு. மேல, கீழ, ரெண்டு பக்கமும் இப்ப ஜம்முனு திரும்புது."

"ஜம்முனு திரும்புதா? சந்தோஷம்."

பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன். எங்கள் சமையலறை விளக்கு எத்தனை நாளாகக் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு சுவிட்ச் போட ஆளில்லை.

மார்ச் 11, செவ்வாய்

மறுபடியும் வந்துவிட்டாள். அவள் தம்பி நெட்டையாம். அவன் ஓட்டும்போது கண்ணாடியைக் கையால் தள்ளித் திருப்பிவிடுகிறானாம். மறுநாள் இவள் சரிசெய்யப் பட்டனை அழுத்தினால் அசைவதில்லையாம். ஆனால் இங்கே கொண்டுவந்து இவர் அழுத்தினால் உடனே ஓடுகிறது! எங்கள் ஷெட்டைப் பார்த்ததும் கண்ணாடிக்கு உயிர் வருமா?

பொய். இவரைப் பார்க்க வர ஒரு சாக்கு வேண்டும், அதுக்குக் கண்ணாடி. இவருக்காவது தெரிய வேண்டாமா? ஒண்ணுமே இல்லாத வண்டியைப் போட்டு நோண்டிக்கிட்டு, பல்லை இளிச்சுக்கிட்டு — எனக்கு வயிறு எரியுது. ஆமா, எரியுது. இவர் என்னை விட்டுட்டுப் போயிடுவாரோன்னு பயமா இருக்கு. இதை யார்கிட்ட சொல்றது?

அக்காவிடம்தான் சொன்னேன். "ரெண்டு நாள் இங்க வந்து இருடி, தானா வழிக்கு வருவாரு" என்றாள். பையில் துணி எடுத்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

இவர் சாமான் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து அவள் வந்து நின்றாள். இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

"எங்க, நான் பாக்குறேன்" என்றேன். கல்யாணத்துக்கு முன்னால் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்தவள் நான், எனக்கும் கொஞ்சம் தெரியும். பட்டனை அழுத்திக் கண்ணாடியைத் திருப்பிக் காட்டி, 'எல்லாம் ஒழுங்காத்தானே இருக்கு, எதுக்கு வர்றீங்க?' என்று முகத்துக்கு நேரே கேட்கத்தான் போனேன்.

ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். பட்டனை அழுத்தினேன்.

அசையவில்லை. நிஜமாகவே அசையவில்லை.

கதவைத் திறந்து அழுத்தினேன், முனகிக்கொண்டே திரும்பியது. சாத்தினேன், நின்றுவிட்டது. கதவுக்கும் வண்டிக்கும் நடுவே வயர்கள் போகிற ரப்பர் குழாயை விலக்கிப் பார்த்தேன். திறந்து மூடித் திறந்து மூடி உள்ளே ஒரு வயர் ஒடிந்திருந்தது. கதவு திறந்திருந்தால் இரண்டு முனையும் ஒட்டிக்கொள்கிறது, சாத்தினால் விலகிவிடுகிறது. அவ்வளவுதான் கோளாறு.

"இவர் ஒரு தடவைகூடக் கதவைச் சாத்திப் பாக்கலியா?"

"அண்ணா உள்ளயே உக்கார மாட்டாருக்கா. கதவை முழுசாத் திறந்துவெச்சு, வெளிய நின்னு குனிஞ்சுதான் பாப்பாரு. உக்காந்து பாருங்கன்னு நானே சொன்னேன். வேண்டாம்மான்னுட்டாரு."

கதவைத் திறந்து சும்மா மறுபடி பட்டனை அழுத்தினேன். பக்கக் கண்ணாடி மெல்ல மேலே திரும்பியது. அதில் எங்கள் மாடி ஜன்னல் தெரிந்தது. ஓரமாகச் செருகிய திரைச்சீலையும் தெரிந்தது.

மார்ச் 14

ஒடிந்த வயரை இவர் சேர்த்துப் பற்றவைத்தார். நான் டேப் சுற்றினேன்.

"இத்தனை வருஷமா இதே வேலை பாக்குறீங்க. கதவைச் சாத்திப் பாக்கணும்னு தோணலியா?"

"தோணாம என்ன? நான் உள்ள உக்காந்து சாத்தியிருந்தா நீ ஜன்னல்லருந்து குதிச்சிருப்ப."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை, வயரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபித்திருந்தால்கூடத் தேவலை.

பையிலிருந்த துணிகளைத் திரும்ப பீரோவில் அடுக்கினேன். அக்காவிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று குடைந்தாள். வயர் கோளாறு என்றேன்.

மார்ச் 22, சனி

டாக்டர் அப்புறம் வரவே இல்லை. கண்ணாடி ஓடுகிறதாம். சமையலறை விளக்கும் சிமிட்டாமல் எரிகிறது.

காலையில் பாட்டு டீச்சர் ஒருத்தி வண்டி கொண்டுவந்தாள். ஓடும்போது ஸ்பீக்கர் இரைகிறதாம். இவர் கையைக் கழுவினார். ஒரு தடவை மாடியை நிமிர்ந்து பார்த்தார். திரைச்சீலை முழுக்க இழுத்து மூடியிருந்தது. உள்ளே உட்கார்ந்தார், கதவைச் சாத்தினார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நடுவில் ஒரு விரல் அளவு இடுக்கு இருக்கிறது. ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். பிறகு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டேன்.