மண்ணுக்குள் நின்ற வரிகள்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது அந்தத் தகரக் குழாய் கீழே வந்தது. மூடியைத் திருகியதும் விளக்குக் கரியும் பழைய எண்ணெயும் கலந்த வாடை. வெள்ளையடிக்க வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் ஏணியடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே நாம் எடுத்த மைப்படி இருந்தது. கல்லின்மேல் ஈரத்தாளை ஒட்டி, மை ஒற்றி, எழுத்தை வெள்ளையாகப் பிரித்தெடுத்த தாள். அதைப் பார்க்குமுன்பே உன் குரல் வந்துவிட்டது: "இன்னாடி, கொலு பொம்ம மாதிரி குந்திக்கினு இருக்கே, பிரஷ்ஷ எடு."

எழுபதுகளின் தொடக்கம். சென்னையில் நீயும் நானும் ஒரே துறையில் கல்வெட்டு ஆய்வுக்குச் சேர்ந்தோம். நான் திருவள்ளூர்க் கோயில் தெருவில் வளர்ந்தவள். கல்வெட்டில் சாய்ந்துகொண்டு புளியோதரை தின்றவள். நீ கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் காலனியில், அடுத்தவர் கழனியில் கூலி செய்த வீட்டிலிருந்து வந்தவள். எனக்குக் கல்வெட்டுகளை யாரோ படித்து அச்சிட்ட புத்தகம் போதும். உனக்குப் போதாது. "அவுரு பார்த்தத அவுரு எழுதிக்கிறாரு. நாம இன்னா பார்த்தோம்?" என்பாய்.

உங்கள் ஊர் ஏரி மதகருகே நின்ற கல்லைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு குறிப்பு இருந்தது. மதகு கட்டிக்கொடுத்தவரின் பெருமையைச் சொல்லிவிட்டு, இதன் கீழ் சிதைந்துவிட்டது என்று முடிந்தது. அந்த இடத்தைத் தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொண்டு மண்ணடித்து மேடாக்கப்போகிறார்கள் என்று பேச்சு. தரிசு நிலம் என்று எழுதியிருந்தார்களாம். "நம்ம பாட்டன் பூட்டன் இங்க இருந்ததுக்கு இன்னா அத்தாச்சி?" என்று உன் நைனா உன்னைக் கேட்டிருந்தார். கல் போவதற்குள் அந்தக் கேள்விக்கு அதில் ஒரு வரியாவது கிடைக்குமா என்பதே உன் தவிப்பு.

ஆடி மாதம். பெரியபாளையம் போகும் கூட்டத்தில் வேப்பிலைக்கும் கோழிக்கும் நடுவே பஸ்ஸில் நசுங்கி வந்து சேர்ந்தேன். உன் அம்மா நாஷ்டா கொடுத்துத்தான் வெளியே விட்டார். போய்ப் பார்த்தால் அந்தக் கல்தான் ஊருக்கு அம்மன். காலங்காலமாக ஊற்றிய எண்ணெயும் பூசிய மஞ்சளும் பிசுக்காகப் படிந்திருக்க, ஒட்டிய தாள் வழுக்கி விழுந்தது. அதோடு இடுப்புவரை மண்ணுக்குள். நீ குனிந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாய். "சிதையலடி. பொதைஞ்சிக்கினு இருக்குது. படி எடுத்தவரு தோண்டவே இல்ல."

எப்படித் தோண்டியிருப்பார்? பூசை செய்யும் உன் அத்தை நம்மைப் பார்த்து ஆடித் தீர்த்துவிட்டார். "ஆத்தா காலாண்ட கடப்பாறை வச்சீங்கோ, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!" நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். நீ அசையவில்லை.

"அத்த, வெள்ளிக்கெழமையாச்சே, தலைக்கு ஊத்திக்கினியா?"

"ஊத்திக்கினேன். அதுக்கு இன்னா இப்ப?"

"தலையோட நிறுத்திட்டியா, கால் வரிக்கும் ஊத்திக்கினியா? ஆத்தாளுக்கு மட்டும் எத்தினி வருஷமா அரைக் குளியலு?"

அத்தை முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். கடப்பாறை கூடாது, கையால்தான் அள்ள வேண்டும், ஆண்கள் கிட்டே வரக்கூடாது என்றார். பெண்கள் கூடி மண்ணை வாரினார்கள். சீயக்காய் கரைத்துத் தேய்த்து, உச்சி முதல் பாதம் வரை முழுக்கு நடந்தது. "கண்ணுல சீக்கா போவாம பாருடி" என்று அத்தை உன்னை அதட்டியபடி இருந்தார்.

பிசுக்குப் போனதும் தாள் ஒட்டிக்கொண்டது, படி எடுத்தோம். கீழ் வரிகள் முழுசாக இருந்தன. ஏரியில் வண்டல் வாரி மதகைக் காத்தவர்களுக்கு வரியில்லாமல் விட்ட நிலம். அவர்கள் குடியிருக்க விட்ட இடம். விரலால் தடவிப் படித்தாய். மறுபடி முதலிலிருந்து படித்தாய். பிறகு கல்லில் நெற்றியை வைத்து அழுதாய். அருள் வந்துவிட்டது என்று அத்தை எலுமிச்சம்பழத்துக்கு ஆள் விட்டார்.

கரையில் நின்ற உன் நைனா, "அவங்க நாமதானம்மா?" என்றார்.

நீ முகத்தைத் துடைத்துக்கொண்டாய். "வாரினவங்கன்னு போட்டுக்குது நைனா. யாருன்னு போடல."

அவர் முகம் சுருங்கியதை என்னால் பார்க்க முடியவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போவாய் என்று ரயிலடி வரை உன்னோடு சண்டை போட்டேன். "எனக்கும் ஆசையாத்தான் இருக்குது. என் ஆசைய எழுதிட்டு கல்லு சொல்லிச்சின்னு சொல்ல முடியுமா?" என்றாய். ஆய்வேட்டிலும் கல் நிறுத்திய இடத்தில் நீயும் நிறுத்திக்கொண்டாய்.

மண்ணடித்தார்கள். கல் என்ன ஆனதென்று ஆளுக்கொரு பேச்சு. உன் தம்பிகள் பாக்டரியில் ஷிப்டுக்குப் போனார்கள். நீயும் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு நான் ஊர் ஊராகக் கல் பார்த்தேன். எங்கே போனாலும் முதலில் கையால் அடிமண்ணைத் தள்ளிப் பார்ப்பேன். சண்டை போட நீ இல்லாமல் நாக்கு நமநமக்கிறது. உன்னைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது, அவ்வளவுதான்.

வண்டல் வாரிய அவர்கள் உன் ஆட்கள்தான் என்று உனக்குள் நம்பினாயா? நான் கேட்டதே இல்லை. எங்கே ஓடிவிடப் போகிறாய் என்றிருந்தேன். போன மாதம் உன் ஆய்வேட்டைப் படித்துவிட்டு ஒரு மாணவி வந்தாள். அதையேதான் கேட்டாள். ஆமாம் என்பது நாக்கு நுனி வரை வந்தது. எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? "அவள் அழுததைப் பார்த்தேன். ஏன் என்று அவள் சொல்லவில்லை" என்றேன். அந்தப் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனாள். கதவைச் சாத்திவிட்டு நானும் அழுதேன். ஏன் என்று கேட்க நீ இல்லை.