தங்கதுரை நக்கிக் கொடுத்த லென்ஸு

விருத்தாசலம்
9-7-74

அன்புள்ள திரௌபதிக்கு,

பாப்பாவுக்கு இருமல் நின்னுதா? நான் நல்லாதான் இருக்கேன், கண்ணைத் தவிர. பயப்படாதே.

நேத்து கம்பெனியில என் கான்டாக்ட் லென்ஸு கீழ விழுந்துடுச்சு. கூட பீங்கான் வேலை பாக்குற தங்கதுரை களிமண் கையால அதை எடுத்து, நாக்கால நக்கி நீட்டுறான். அவசரத்துல நானும் போட்டுக்கிட்டேன். கண்ணு வீங்கி நீரா வடியுது. சோப்பு போட்டுக் கை கழுவாம லென்ஸைத் தொடாதேன்னு மெட்ராஸ் டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. என் டம்ளர்ல வாய் வைக்காம அண்ணாந்து குடிக்கிறவன், என் கண்ணுக்கு மட்டும் எச்சிலைத் தரான். கேட்டா, "எச்சில் பட்டாதாங்க உள்ள வழுக்கிட்டுப் போவும்"ங்கிறான்.

ஒரு வாரம் லென்ஸு போடக் கூடாதுன்னு இங்க ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. நீ கேலி பண்ணுன பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பி வை. தபால் எடுக்குற நேரமாச்சு. கண்ணாடி பார்சல் வர நாளாகும், அதனால பதிலைப் பெரிய எழுத்தா எழுது. இல்லன்னா, நீ எனக்கு எழுதுறதைத் தங்கதுரைதான் படிச்சுக் காட்டணும்.

கோவிந்தராசு