ஏர் பிடித்த டிராக்டர்

அக்டோபர் 17, வெள்ளி

என் மனைவி ஷைலஜாவை நெய்யாற்றின்கரைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்த் திரும்பினேன். இனி பஸ் ஓடாது என்கிறார்கள். ஐப்பசித் துலா மழையில் கால்வாய்க் கரை இடிந்து, குளத்தூர் சாலையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அடுத்த முறை செவ்வாய்க்கிழமை. எப்படிப் போவது?

அக்டோபர் 18, சனி

ஆட்டோக்காரன் வரமாட்டான். ஜீப்பும் கிடைக்கவில்லை. தண்ணீரில் இறங்கக்கூடிய உயரம் நம்முடைய பழைய டிராக்டருக்குத்தான் உண்டு. ஸ்டார்ட் செய்து பார்த்தேன். கொஞ்சம் ஓடியது, பிறகு இழுத்து இழுத்து நின்றுவிட்டது. பில்டர் கிண்ணத்தில் டீசலுக்கு அடியில் தண்ணீர், கறுப்புச் சேறு.

மெக்கானிக் சஜுவைப் போனில் பிடித்தேன். பாறசாலையில் அவன் கடைக்குள்ளேயே வெள்ளம். "கையில புது பில்டர் உண்டுல்லா? மாத்துங்க அண்ணே. மாத்தினா ஏர் பிடிக்கும், டீசல் லைன்ல காத்து நிக்கும். அதை முழுசா எடுக்கணும். இல்லைன்னா வழியில நின்னுரும்."

வழியில நின்னுரும். அதுவே காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

அவள் கால் வீங்கத் தொடங்கிவிட்டது. விரலால் அழுத்தினேன். குழி விழுந்து அப்படியே நின்றது.

"சும்மா சும்மா அமுக்காதீங்க. மாவு பதம் பாக்குத மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

காலையிலேயே பில்டரை மாற்றினேன். மேலே உள்ள ஸ்குரூவைத் தளர்த்தி, பம்பின் கைப்பிடியை அடித்தேன். நுரை வந்தது. அடிக்க அடிக்க நுரைதான், சுத்தமான டீசல் வரவே இல்லை. போதும் என்று முறுக்கி ஸ்டார்ட் செய்தேன். ஓடி, நின்றது. மறுபடியும் அதேதான்.

கடவுளே, நான் என்ன செய்வேன்? நாளைக்கு நடுத்தண்ணியில நின்னா? மூச்சு வாங்குத பொம்பளையத் தோள்ல தூக்கிட்டு எவ்வளவு தூரம் போவேன்?

ஷைலஜா வந்து ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். டயாலிசிஸ் ஊசி போடும் இடது கையால் பாரம் எடுக்கக் கூடாது. வலது கையால் கைப்பிடியை அடித்தாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில், "இங்க பாருங்க, கிண்ணத்துக்க விளிம்புல கசியுது. இது வழியா ஆக்கும் காத்து உள்ள போகுது."

கழற்றினேன். பழைய ரப்பர் வளையம் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே புது வளையத்தையும் வைத்து முறுக்கியிருக்கிறேன்! பயத்தில் கண்ணே தெரியவில்லை போல.

பழையதைப் பெயர்த்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தோம். இந்தத் தடவை நுரை அடங்கி டீசல் தெளிந்து வழிந்தது. அடுத்து இன்ஜினுக்கு டீசல் தள்ளும் பம்பிலும் ஏர் எடுத்தோம். கடைசியாக இஞ்செக்டர் பைப்புகளின் நட்டைத் தளர்த்தினேன். கியர் நியூட்ரலில்தானா என்று திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "அடி" என்றேன். அவள் செல்ப் அடித்தாள். பைப்பில் டீசல் துப்பியதும் நட்டுகளை முறுக்கினேன். ஒரு புகை விட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது.

விளக்கு வைக்கும்வரை ஓடவிட்டேன். நிற்கவில்லை. ஆனாலும் டார்ச் அடித்துக் கிண்ணத்தின் விளிம்பை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

டிரெய்லரில் நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டி அவளை உட்கார வைத்தேன். சாலை எது, ஓரமாக ஓடும் தோடு எது என்று தெரியவில்லை. மின்கம்பங்களைப் பார்த்துப் போனேன். நடுவில் இன்ஜின் சத்தம் திடீரென்று அமுங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. திரும்பி அவளைப் பார்த்தேன்.

"என்னைய பாக்காண்டாம். முன்னால பாருங்க!" என்று கத்தினாள்.

அடித்துவந்த வாழை ஒன்று சக்கரத்தில் சிக்கியிருந்தது. கியரைக் குறைத்து அதன் மேல் ஏற்றினேன். கடந்துவிட்டோம்.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கூட்டிப் போனார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்தேன். நர்ஸ் கொண்டுவந்த சாயாவைப் பாதி சிந்திவிட்டேன்.

அக்டோபர் 24, வெள்ளி

இன்றும் டிராக்டர்தான். நிற்கவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

பஸ் ஓடத் தொடங்கிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஷைலஜா தடுத்துவிட்டாள்.

"நான் தனியாப் போய்ட்டு வாறேன். நீங்க பக்கத்துல இருந்து பயப்படுததப் பாத்தா எனக்கு பிரஷர் கூடுது."

பஸ் வளைவு திரும்பும்வரை நின்றேன். பிறகு டிராக்டரை எடுத்துக்கொண்டு, வெள்ளம் வடிந்த மரச்சீனிக் கிழங்கு விளையை மதியம்வரை உழுதேன். அவளுக்கு ஒரு தடவைகூடப் போன் செய்யவில்லை.

இரண்டு தடவை செய்தேன்.