தட்டுக்கு ஒரு பேச்சு

நாள் 212. காலை 6.10.
காற்று 81. தண்ணீர் சரி. சூடு 22.

ஏட்டி சுண்டு, இன்றைக்கும் உன் குறிப்பேட்டில் நான்தான் எழுதுகிறேன். ஆறாம் வகுப்பு எழுத்து. சிரிக்காதே.

வேறு யாராவது கண்டெடுத்தால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். என் பெயர் சீனியம்மாள். ஊர் கோவில்பட்டி. நிலாவில் இந்தப் பயிர்க்கூடத்துக்கு இரண்டு வருஷமாகச் சமையல்காரி; நாள் எண் இந்த வருஷத்துக் கணக்கு. இங்கே செடி விஞ்ஞானியாக இருந்த திலகவதி என் மகள்; என் வாயில் சுண்டு. அவள் செத்துப்போய் முப்பத்தெட்டு நாள் ஆகிறது. மிச்சம் நானும், காற்று இயந்திரம் பார்க்கிற ஜெனிபாவும்.

இயந்திரம் நேற்று நின்றுவிட்டது. ஜெனிபா உள்ளே போனதும் கதவு தானே பூட்டிக்கொண்டது. இயந்திரம் ஓடினால்தான் திறக்குமாம். தட்டு போய்வர மட்டும் சுவரில் ஒரு பெட்டி இருக்கிறது. கப்பல் வர ஒன்பது நாள். காற்று எண் இருபதுக்குக் கீழே இறங்கினால் மூச்சு நிற்கும். ஐந்து நாள் தாங்கும். அவள் சரிசெய்தால் இருவரும் பிழைப்போம். அதுவரை அவள் தெம்பாக இருக்க நான் சோறு போட வேண்டும்.

நான். அவளுக்கு.

நாள் 212. பகல் 1.40.
காற்று 78.

சோறும் ரசமும் அனுப்பினேன். சோற்றைத் தின்றுவிட்டு ரசத்தைத் தொடாமல் திருப்பிவிட்டாள். ஒலிபெருக்கியில் கேட்டேன்.

"என்னளா, மோந்து பாத்துட்டுத் திருப்புத? எங் கையி நாறுதோ?"

"இல்லம்மா. வெறுஞ்சோறு போதும்."

உனக்கும் அவளுக்கும் ஒரே நோய். சீலியாக். கோதுமையில் இருக்கும் குளூட்டன் ஒரு துணுக்கு உள்ளே போனாலும் குடல் புண்ணாகும். ஏழு வயதில் உனக்குக் கண்டுபிடித்த நாளிலிருந்து நம் வீட்டுக்குள் கோதுமை வந்ததில்லை. ரவை இல்லை, சேமியா இல்லை. அந்தப் பக்குவம் தெரிந்தவள் என்றுதான் என்னையும் இங்கே எடுத்தார்கள். போன வருஷம் நீ இரண்டு வேளைச் சாப்பாட்டை அவள் அறைக்கு மாற்றிக்கொண்டாய். அவள் பொங்குவாள், நீ தின்பாய். கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கும். எனக்கும் அந்த நோய் வந்திருந்தால் மூன்றாவது தட்டு போட்டிருப்பீர்களோ என்று நினைத்திருக்கிறேன்.

இங்கே விழுந்தால் பஞ்சு விழுகிற மாதிரிதான். அந்த விழுகைக்கே உன் இடுப்பெலும்பு முறிந்தது. மூன்றாம் நாள் போய்விட்டாய். பூமியிலிருந்து டாக்டர் சொன்னார்: "எங்கிருந்தோ கோதுமை போயிட்டே இருந்திருக்கு. எலும்புல சத்தே இல்ல." எனக்கு அவள் அறை மேல்தான் கண் போனது.

நாள் 213. காலை 7.05.
காற்று 68.

கேட்டேவிட்டேன்.

"எம் மவளுக்கு என்னத்தப் போட்டுக் குடுத்த?"

ஒலிபெருக்கியில் பதில் வந்தது. 

"சொல்லக் கூடாதுன்னு திலகா சத்தியம் வாங்கியிருக்கா. உங்க பெருங்காய டப்பாவப் பாருங்கம்மா. சின்ன எழுத்துல இருக்கும்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். கோ. து. மை. மாவு. பெருங்காயத்தில் அதைக் கலப்பார்கள் என்று யார் கண்டது? கிடங்குச் சாமானையெல்லாம் சோதித்தார்கள். இது என் சொந்தப் பையில் வந்தது. இதே கம்பெனி டப்பாதான், உன் ஏழு வயதிலிருந்து.

"அவளுக்கு எப்பத் தெரியும்?"

"ஒரு வருசமாச்சும்மா."

"தெரிஞ்சுமா எங்கிட்டத் தின்னா?"

"ஒரு வேளைதான் தின்னா. மத்த வேளைக்குத்தான் எங்கிட்ட வந்தா."

நாள் 213. பகல் 12.50.
காற்று 65.

ரசம் நுரை கட்டுகிறது. டப்பா என் கையில்.

ஒரு சிட்டிகை போதும். அவளுக்கு வயிறு கலங்கும், கை நடுங்கும், இயந்திரம் ஓடாது. ஐந்தாம் நாள் இருவரும் உன்னிடம் வந்துவிடுவோம்.

அங்கே வந்தும் நீ அவள் பக்கத்தில்தான் உட்காருவாய்.

டப்பாவைக் குப்பைக் குழாயில் தள்ளிவிட்டேன். மிளகும் சீரகமும் பூண்டும் மட்டும் தட்டிப்போட்டு, பெருங்காயம் போடவில்லை என்று சொல்லி அனுப்பினேன். தட்டு வழித்து நக்கியதுபோல் திரும்பியது.

"இன்னும் இருக்காம்மா?"

உன் ஏழு வயதிலிருந்து நான் வைத்த ரசத்தில் விஷமில்லாத முதல் ரசம், சுண்டு. அது அவள் வயிற்றுக்குப் போனது.

"இருக்கு. அவ உங்கிட்டச் சொன்னதுல ஒண்ணு சொல்லு. அப்பத்தான் தாரேன்."

"என்னம்மா, சோத்துக்கு வாடகையா?"

"ஆமா. எம் மவ பேச்செல்லாம் ஒங்கிட்டதான கெடக்கு."

நாள் 214. பகல் 2.00.
காற்று 55.

தட்டு மூன்று. பேச்சு மூன்று.

ஒன்று: என் குறட்டையைப் பதிவுசெய்து வைத்திருந்தாயாம். இரண்டு: எட்டு வயதில் எதிர்வீட்டில் பரோட்டா திருடித் தின்று இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாயாம். நான் மாங்காய் தின்ற வலி என்று நினைத்து உன்னை அடித்தேன். எனக்குத் தெரியாத பரோட்டா அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்றாவதை எழுத மாட்டேன். அது எனக்கு.

நாள் 215. பகல் 11.20.
காற்று 42.

தலை இடிக்கிறது. வரி கோணுகிறது. உள்ளே அவள் தட்டும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கிறது. நீ பாடுவாய் என்றாள். நீயா? என் முன்னால் ஒருநாளும் பாடியதில்லை. பாட்டைக் கேட்கவில்லை நான். கேட்டால் அவள் பாடிக் காட்டுவாள். அவள் குரலில் எனக்கு வேண்டாம்.

நாள் 216. காலை 9.30.
காற்று 27.

அரிசி தீரவில்லை, ஆனால் இதுதான் கடைசித் தட்டு என்று தோன்றியது. மூச்சு வாங்குகிறது. பெட்டியை மூடாமல் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல? ஒரு வார்த்த. டப்பாவத் தூக்கிப் போட்டிருப்பனே."

"நானும் ரெண்டு தடவ கேட்டேன்மா. அதுக்கு மட்டும் அவ பதிலே சொல்லல."

"பொய் சொல்லாத."

"சத்தியமா."

தட்டை உள்ளே விட்டுவிட்டேன். பேச்சு இல்லாமலே விட்டேன்.

நாள் 216. பகல் 3.15.
காற்று 24. 24. 25.

இயந்திரம் ஓடுகிறது. தரை அதிர்கிறது. 26. கதவு திறக்கும். அவள் வருவாள், கப்பல் ஏறுவாள், உன் ஒரு வருஷத்தையும் கூடவே கொண்டுபோவாள். போகட்டும். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருக்கிறாய். பரோட்டா, குறட்டை, பாட்டு. டப்பாவைப் பற்றி என்னிடம் ஏன் மறைத்தாய் என்ற அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

அதையாவது எனக்கென்று வைத்திருந்தாயா, சுண்டு?