பாலத்துச் செம்பாசி

சேசு மரி சூசை

சைகோன்,
1934 ஜனவரி 9

மரியாதைக்குரிய வாத்தியார் கிறிஸ்துதாஸ் அவர்களுக்கு, அந்தோணிமேரி தோத்திரம் சொல்லி எழுதுவது.

நார்த்தங்காய் ஊறுகாய் வந்து சேர்ந்தது. ஜாடி உடையவில்லை. மழையில் வைக்கோல் நனைந்துபோனதால், கடற்கரையில் காய்ந்து கிடந்த பாசியை ஜாடியைச் சுற்றி வைத்ததாகச் சீட்டில் எழுதியிருந்தீர்கள். அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகு அதைக் குப்பையில் போட மனம் வரவில்லை. ஒரு டப்பாவில் எடுத்து வைத்தேன். "அத்தே, மீன் நாத்தம் அடிக்குது, தூக்கிப் போடுங்க" என்று மருமகள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

மகன் மிக்கேலை வேலையில் ஹனோய்க்கு மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு. உறுதியாகவில்லை. ஆனால் மருமகள் இப்போதே பெட்டியைத் துடைக்கிறாள். எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. பெருக்கிய அறையையே மறுபடி பெருக்குகிறேன். என் வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து, சிநேகிதரின் வீடு என்று நீங்கள்தான் நம் ஊர் வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு கதவைத் திறந்து காற்றாட விடுகிறீர்கள். அந்தக் கதவை நானே திறக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. ஆனால் வந்தால் எதைக் கொண்டு பிழைப்பது?

இங்கே சந்தையில் அகர் அகர் என்று ஒரு பண்டம் விற்கிறார்கள். கடல் பாசியை வெயிலில் வெளுக்க வைத்து, காய்ச்சி, வடிகட்டித் தட்டில் ஊற்றினால் ஆறியதும் கண்ணாடி மாதிரி உறைந்துவிடுகிறது. வெல்லம் போட்டது ஒரு அடுக்கு, தேங்காய்ப்பால் விட்டது ஒரு அடுக்கு. நண்பகல் வெயிலில் வைத்தாலும் உருகுவதில்லை. நம் ஊர் ஞானஸ்நான விருந்துகளுக்கும் வெள்ளைக்காரர் வீடுகளுக்கும் இதைச் செய்து கொடுத்தால் வாங்க மாட்டார்களா?

நம் கடல் பாசி உறையுமா? காய்ச்சிப் பார்த்துச் சொல்லுங்கள். உறைந்தால் வந்துவிடுவேன். இல்லையென்றால் மகன் பின்னாலேயே போக வேண்டியதுதான். ஹனோயில் குளிருமாம்.

இப்படிக்கு,
தை. அந்தோணிமேரி


சேசு மரி சூசை

புதுச்சேரி,
1934 பிப்ரவரி 2

அன்பும் மதிப்பும் உள்ள மேரியம்மாளுக்கு, கிறிஸ்துதாஸ் எழுதிக்கொண்டது.

இங்கு சுகம். உங்கள் வீட்டுக் கூரையில் இரண்டு ஓடு சரிந்திருந்தது, மாற்றியாயிற்று. முருங்கை பூத்திருக்கிறது.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே, கடலுக்குள் நீளும் கப்பல் பாலத்துக்கு நடந்தேன். இத்தனை காலம் அந்தப் பாலத்தின் மேலே நடந்தவனே தவிர, கீழே எட்டிப் பார்த்தவன் இல்லை. அலை இறங்கிய நேரத்தில் கரையோரத் தூண்களிடம் போனேன். இரும்பே தெரியவில்லை. இடுப்புயரத்துக்குக் கீழே முழுவதும் பாசி. மாதுளைத் தோல் மாதிரி ஒன்று, கோயில் திராட்சை ரசம் மாதிரி ஒன்று, மருதாணி வைத்த விரல் மாதிரி ஒன்று.

ஒரு உதாரணம் சொன்னால் விளங்கும். விளையாட்டு நேரத்தில் வாய் ஓயாத பையன், கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தினால் ஊமையாகிவிடுவான் அல்லவா? இதுவும் அப்படித்தான். தண்ணீருக்குள் கிளை கிளையாக விரித்து ஆடுகிறது. கையில் எடுத்தால் சீப்பில் வந்த ஈரமுடி. அதன் வாயைத் திறக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு அதில் மிதக்க விடுகிறேன். மறுபடி விரிகிறது. அடியில் தபால் அட்டையை நுழைத்து, கோழி இறகால் கிளைகளை ஒதுக்கிவிட்டு, மெல்லத் தூக்குகிறேன். துணி மூடி, மேலே பெரிய பிரெஞ்சு அகராதியை வைத்துவிட்டால் காய்ந்த பிறகு சித்திரம் எழுதினாற்போல் அட்டையோடு இருக்கிறது. பசை கிடையாது. தன் பிசினிலேயே ஒட்டிக்கொள்கிறது.

கனகசெட்டிக்குளத்திலிருந்து மீன் கொண்டுவருகிற வீராயி கூடையை இறக்கிவிட்டுத் தட்டைப் பார்த்தாள்.

"இன்னா வாத்தியாரே, வெத்தல எச்சியப் புடிச்சி வச்சிருக்கீங்க?"

"பாசிம்மா. இதுல பலகாரம் செய்யலாமாம்."

"மீன் வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. அதுக்காவ பாசியத் துன்னுவாங்களா?"

மூன்று அட்டைகள் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். காய்ச்சிப் பார்க்கவில்லை. இதைப் போய் அடுப்பில் ஏற்றுவதா என்று இருக்கிறது. சீக்கிரம் செய்கிறேன். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கும் ஒரு இடத்தில் இருப்புக் கொள்வதில்லை. காலை மணி அடிக்கும் நேரத்துக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்புகிறேன். இப்போது போவதற்குப் பாலம் இருக்கிறது.

தங்கள் அன்புள்ள,
கிறிஸ்துதாஸ்


சேசு மரி சூசை

சைகோன்,
1934 பிப்ரவரி 27

வாத்தியார் அவர்களுக்கு அந்தோணிமேரியின் தோத்திரம்.

மூன்று அட்டைகளும் கசங்காமல் வந்தன. மிக அழகு. பேரன் ஒன்றை எடுத்து ஒளித்துவைத்துக்கொண்டான். மருமகள்கூட மூக்கைப் பிடிக்கவில்லை.

ஆனால் நான் கேட்டது படமா வாத்தியாரே? உறையுமா என்று கேட்டேன்.

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. ஜூன் மாதம் கிளம்ப வேண்டும். எத்தனை பேருக்கு டிக்கெட் என்று பாஸ்குத் திருநாள் முடிந்து இரண்டு வாரத்துக்குள் மிக்கேல் ஆபீசில் சொல்லியாக வேண்டும். "அம்மா, இந்த வயசுல தெருவுல பலகாரம் விக்கப் போறியா?" என்று சிரிக்கிறான். சிரிப்பதைப் பார்த்தால் எனக்கு இன்னும் பிடிவாதம் வருகிறது. ஒரு பொழுது ஊருக்குப் போகலாம் என்று தோன்றுகிறது, அடுத்த பொழுது ஏன் போக வேண்டும் என்று தோன்றுகிறது. பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறேன்.

ஒன்று சொல்கிறேன். உங்கள் சிநேகிதரைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர் ஆத்துமம் இளைப்பாறட்டும். கல்யாணமான புதிதில் அவர் இங்கிருந்து எனக்கு எழுதிய கடிதமெல்லாம் சர்க்கரை. தோட்டத்தோடு வீடு பார்த்திருக்கிறேன், வாசலில் ரோஜா என்று எழுதுவார். கைக்குழந்தையோடு வந்து இறங்கினேன். அரிசிக் கிடங்குக்கு மேலே ஒரு அறை. ரோஜா எங்கே என்றேன். "நீ சந்தோசமா கப்பல் ஏறணும்னுதான் எழுதுனேன்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. கடைசி வரை அப்படித்தான் இருந்தார். எது நிஜம் என்று தெரியாமலே நான் ஒரு குடும்பம் நடத்தி முடித்தேன். அதனால் இனிப்பாக எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம்.

பாசியை நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் போடுங்கள். காய்ந்ததும் மறுபடி நனைத்து மறுபடி போடுங்கள். வெள்ளையாகும் வரை இப்படியே. பிறகு கரையும் வரை காய்ச்சி, துணியில் வடிகட்டி ஆற விடுங்கள். என் வீட்டு அடுப்பிலேயே செய்யலாம். பெரிய பித்தளைப் பாத்திரம் பரண் மேல் இருக்கிறது.

உறையுமா, உறையாதா? அதை மட்டும் எழுதுங்கள்.

அந்தோணிமேரி


சேசு மரி சூசை

புதுச்சேரி,
1934 மார்ச் 26, பெரிய வாரம் திங்கட்கிழமை

அன்பும் மதிப்பும் உள்ள மேரியம்மாளுக்கு,

இத்தனை வருஷம் பிரம்பு பிடித்தவனுக்கு, அதன் மறுமுனை எப்படியிருக்கும் என்று உங்கள் கடிதத்தில் தெரிந்தது. தேவைதான்.

சொன்னபடி செய்தேன். உங்கள் வீட்டு முற்றத்தில் பாயை விரித்துப் பாசியைப் பரப்பினேன். மாதுளை நிறம் முதலில் ரோஜாவாயிற்று. பிறகு பழைய பல் மாதிரி மஞ்சள். கடைசியில் வெறும் வெள்ளைச் சக்கை. ஒவ்வொரு முறை தண்ணீர் தெளிக்கும்போதும் யாரோ என் கையைப் பிடித்து இழுப்பது போல் இருந்தது. அழகாக இருக்கும் வரை அது உதவாது, உதவ வேண்டுமானால் அழகு போக வேண்டும் என்று ஒரு பாடம் இருக்கிறது போலும். அந்தப் பாடத்தை எந்த வகுப்பிலும் நான் நடத்தியதில்லை. நடத்தவும் மாட்டேன்.

பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி, வடிகட்டி, தட்டில் ஊற்றி, ஈர மணலின் மேல் வைத்தேன். காலையில் போய்ப் பார்த்தேன். கஞ்சி.

தண்ணீரைக் குறைத்துப் பார்த்தேன். அதிக நேரம் காய்ச்சினேன். வடக்கே கனகசெட்டிக்குளம் வரை நடந்து, வலையில் சிக்கி வந்த பாசியைத் தனியாகக் கொண்டுவந்து காய்ச்சினேன். கொஞ்சம் கெட்டிப்படுகிறது, அவ்வளவுதான். தட்டைச் சாய்த்தால் ஓடிவிடுகிறது. வீராயி விரலை விட்டுத் தூக்கிப் பார்த்தாள். "ஜலதோசம் புடிச்ச கொயந்த மூக்கு மாரி கீது வாத்தியாரே" என்றாள். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

நேற்று மாலை 'ஏறக்குறைய உறைகிறது' என்று ஒரு வரி எழுதினேன். எழுதிவிட்டுக் கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்தேன். ஏறக்குறைய என்பது, தேறாத பையனின் அப்பாவிடம் வாத்தியார்கள் சொல்கிற வார்த்தை. நானே சொல்லியிருக்கிறேன். தாளைக் கிழித்து உங்கள் அடுப்பில் போட்டேன்.

உறையவில்லை. நம் கடல் பாசி உறையாது.

இதை நம்பிப் பிள்ளையை விட்டுவிட்டு வர வேண்டாம். உங்களுக்கும் ஒரு டிக்கெட் சொல்லச் சொல்லுங்கள். ஹனோயில் குளிர் என்றீர்கள். நல்ல கம்பளியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சாவி என்னிடம் பத்திரமாக இருக்கும்.

தங்கள்,
கிறிஸ்துதாஸ்


சேசு மரி சூசை

புதுச்சேரி,
1934 மே 3

மேரியம்மாளுக்கு,

கடிதம் இல்லை. ஒவ்வொரு தபால் கப்பலுக்கும் பாலத்துக்குப் போகிறேன். மூட்டை இறக்குகிற கண்ணையன் நேற்று எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டான்.

"இன்னா வாத்தியாரே, கப்பலுக்கு முன்னாடி நீங்க வந்து நிக்கிறீங்க? தொறமொகத்துல வேல குடுத்துட்டாங்களா?"

"காத்து வாங்க வந்தேன்டா."

"காத்து ஊரு பூராத்தான் அடிக்குது!"

சிரித்துவிட்டுத் திரும்பினேன். வீட்டில் தட்டு, கோழி இறகு, அகராதி எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. புது அட்டை போடக் கை வரவில்லை. பாசியும் குறைந்துவிட்டது. வெயில் ஏற ஏறத் தூண்கள் வெறும் துருவாகத் தெரிகின்றன.

கம்பளி வாங்கச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

பாசி உறையாது என்றது உண்மை. அதோடு நிறுத்திக்கொண்டது பாதி விடை. அப்படி எழுதுகிற பையனுக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன். மீதியையும் எழுதிவிடுகிறேன். நீங்கள் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. அகர் அகருக்காக அல்ல. உங்கள் வீட்டு ஓட்டை மாற்றும்போதும், முருங்கைக்குத் தண்ணீர் விடும்போதும், இதை மேரியம்மாளுக்கு எழுத வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். என் மனைவி போன பிறகு, பார்த்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது உங்களிடம் மட்டும்தான். என்னிடம் தோட்டமும் ரோஜாவும் இல்லை. பென்ஷன் உண்டு. இடது முழங்கால் மழையில் வலிக்கும். குறட்டை விடுவேன் என்று தங்கை சொல்லியிருக்கிறாள்.

போன ஞாயிறு சம்பாக் கோயிலில் பூசை முடிந்ததும் சாமியாரைப் பார்த்தேன். துணையை இழந்த வயதானவர்கள் மறுபடி கட்டிக்கொண்டாலும் மூன்று ஞாயிறு பூசையில் ஊரறியக் கல்யாண ஓலை வாசிக்க வேண்டுமா என்று கேட்டேன்.

"வாசிக்கணும். யாருக்கு வாத்தியாரே?"

"தெரிஞ்சவர் ஒருத்தருக்கு சாமி."

"பொண்ணு சம்மதிச்சிட்டாளா?"

"இன்னும் கேக்கல."

"கேக்கறதுக்கு முன்னாடியே ஓலையா? உங்க தெரிஞ்சவரு ரொம்ப அவசரக்காரரா இருக்காரே!"

இப்போது கேட்டாயிற்று. இந்தக் கடிதம் வரும்போது நீங்கள் ஹனோய்க்குப் பெட்டி கட்டியிருந்தால், மிக்கேலுக்கு என் ஆசீர்வாதம். நான் கேட்டது யாருக்கும் தெரிய வேண்டாம்.

கிறிஸ்துதாஸ்


சேசு மரி சூசை

சைகோன்,
1934 மே 22

அன்புள்ள வாத்தியாருக்கு,

உறையாது என்று எனக்கு முன்பே தெரியும்.

ஜனவரியில் முதல் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்தேன். பதில் வரும் வரை சும்மா இருக்க முடியவில்லை. ஊறுகாய் ஜாடியோடு வந்த பாசியை டப்பாவிலிருந்து எடுத்து, வெளுக்க வைத்து, காய்ச்சி ஒரு கிண்ணத்தில் ஊற்றினேன். கஞ்சியாகத்தான் நின்றது. வீராயி சொன்ன மூக்குதான். ஆகவே உறையுமா உறையாதா என்று இரண்டாம் முறை உங்களிடம் கேட்டபோது விடை என் கையில் இருந்தது. உங்களைப் பரீட்சை வைத்தது தவறுதான். வாத்தியாரைப் பரீட்சை வைக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ஆனால் நீங்கள் என்ன எழுதப் போகிறீர்கள் என்று தெரியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரராக இருந்தால் கல் மாதிரி உறைகிறது என்று எழுதியிருப்பார். நீங்களும் அப்படி எழுதியிருந்தால், ஒரு வார்த்தை பேசாமல் ஹனோய்க்குப் போயிருப்பேன்.

உறையவில்லை என்ற வரியைப் படித்ததும் அழுதேன். அதற்குக் கீழே கம்பளி வந்தது. அதைப் படித்ததும் கோபம் வந்தது. இவ்வளவு உண்மை பேசுகிற மனிதருக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசத் தெரியாதா என்று. அதனால்தான் பதில் எழுதவில்லை. ஆனால் கம்பளியும் வாங்கவில்லை. டிக்கெட் கணக்குச் சொல்லும் நாளில், "எனக்கு வேண்டாம், நான் ஊருக்குப் போகிறேன்" என்று மட்டும் மிக்கேலிடம் சொல்லி வைத்தேன்.

உங்கள் கடைசிக் கடிதத்தை அவனிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். முந்தாநாள் சாப்பிடும்போது, "கொறட்ட விடுவாராமே, உன்னால தூங்க முடியுமா?" என்று கேட்டான். இன்று என் கப்பல் டிக்கெட்டைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தான்.

கஞ்சியாக நிற்கிற பாசியையும் இங்கே வீணாக்குவதில்லை. கற்கண்டு போட்டுக் குளிர வைத்து வெயில் காலத்தில் குடிக்கிறார்கள். உடம்புச் சூட்டுக்கு நல்லது. முதல் குவளை வீராயிக்கு. உறைய வேண்டிய பண்டத்துக்குச் சீனன் கடையிலிருந்து இரண்டு கட்டு நல்ல பாசி கொண்டுவருகிறேன். பாலத்துப் பாசி முழுவதையும் வெளுக்கப் போட்டுவிடாதீர்கள். பாதி அட்டைக்கு இருக்கட்டும்.

ஜூன் கடைசியில் கப்பல் வரும். படகிலிருந்து பாலத்தில் ஏறும்போது நீங்கள் அங்கே நிற்க வேண்டும். கண்ணையன் சிரித்தால் சிரிக்கட்டும். பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்து வையுங்கள். அடி பிடிக்க விட்டிருப்பீர்கள் என்று நிச்சயமாகத் தெரியும்.

கடிதம் கிடைத்ததும் சாமியாரிடம் போங்கள். அந்தத் தெரிந்தவர் யார் என்று சொல்லிவிடுங்கள். பொண்ணு சம்மதித்துவிட்டாள் என்றும் சொல்லுங்கள். நான் கரை இறங்குவதற்குள் முதல் ஓலை வாசித்திருக்க வேண்டும்.

மேரி